கொயினாவோடு பருப்பும்: கேகாலை தரும் ஒரு பாடம்

இடம்பெயர்ந்த குடும்பங்களைத் தேடிப் பலரும் வருகிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், தொண்டு நிறுவனத்தார் வருகிறார்கள், தேர்தல் நெருங்கினால் அரசியல்வாதிகளும் வருகிறார்கள். இவர்களுள் யாருடைய பணி உண்மையான பொதுப்பணி? அதை எடைபோட நம் மாவட்டத்தின் வரலாற்றிலிருந்தே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

காய்ச்சலும் பசியும்

1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. விரைந்தோடும் மகா ஓயாவும் களனி கங்கையின் கிளைகளும் வற்றி, ஆங்காங்கே குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகி மலேரியா பரவியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 1935 முடிவதற்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

அப்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களுக்கு மருந்தோடு வந்தார்கள். அவர்களுள் ஒருவர் கலாநிதி என்.எம். பெரேரா (1905–1979). லண்டன் பல்கலைக்கழகத்தில் உயர்பட்டம் பெற்ற அவர், மக்களின் குடிசை வாசலுக்கே சென்றார். வெறும் வயிற்றில் கொயினா மட்டும் போதாது என்பதை இவ்விளைஞர்கள் அங்கே கண்டார்கள். ஆகவே மருந்தோடு உணவும் கொடுத்தார்கள். பருப்புப் பங்கிட்டதால் மக்கள் அவரைப் 'பருப்பு மஹத்தயா' என்று அழைத்தனர்.

நிவாரணத்திற்கு அப்பால்

மழை பொய்த்தது இயற்கை. ஆனால் ஒரு காய்ச்சலைத் தாங்க முடியாத அளவுக்கு மக்கள் மெலிந்திருந்தது ஏன்? இந்தக் கேள்விதான் அந்த இளைஞர்களை அரசியலுக்குள் மேலும் இழுத்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. 1936இல் றுவான்வெல்ல மக்கள் என்.எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல், நீதிமன்றத்திலும் பொலிஸ் நிலையத்திலும் சிங்களம், தமிழ் ஆகிய மொழிகளின் பயன்பாடு என்பன அக்கட்சியின் கோரிக்கைகளுள் அடங்கின. தன் முறைப்பாட்டைத் தானே வாசித்து விளங்கிக்கொள்ள முடியாதவன் எப்போதும் பிறர் தயவில்தான் வாழவேண்டும். கல்வி மீட்சியின் ஒரு பகுதி என்பது இதனால்தான்.

வாக்கில்லாதவர் பக்கம்

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, அது இனவாதச் சட்டம் என்று பாராளுமன்றத்தில் அவர் எதிர்த்தார். வாக்கிழக்கப் போகிறவர்களுக்காகப் பேசுவதால் தேர்தலில் இலாபம் எதுவும் இல்லை. ஒருவருடைய பொதுப்பணியை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் ஏது?

அதே உரைகல்லில் அவருடைய பிற்காலத்தையும் உரசிப் பார்க்கவேண்டும். 1964 ஜூனில் அவர் நிதியமைச்சரானார். அவ்வாட்சியே அவ்வாண்டு அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு அரசுகளும் தீர்மானித்தன. போகவேண்டிய தோட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. 1970 முதல் 1975 வரை அவர் மீண்டும் நிதியமைச்சராக இருந்தார். அந்நாட்களில்தான் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஒரு காலத்தில் பருப்புப் பங்கிட்டவர் அமைச்சராயிருந்தபோதே இவை நடந்தன. நல்லவர் ஒருவர் பதவியில் இருந்தால் போதும் என்று மக்கள் ஓய்ந்துவிடக் கூடாது. பதவியிலிருப்பவரைக் கேள்வி கேட்கும் அமைப்பு மக்களிடமே இருக்கவேண்டும்.

இன்று நமக்கு

2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவு வந்தது. லயன்களும் கிராமங்களும் புதையுண்டன. அரிசியும் கூரைத் தகடும் அவசியமே. அத்தோடு நிற்காமல், ஆபத்தான சரிவில் நம்மைக் குடியிருக்க வைத்தது எது, புதிய காணிக்கு உறுதி யார் பெயரில், பிள்ளைகள் போகப் பாடசாலை எவ்வளவு தூரம் என்றும் கேட்போம். குடும்பங்களின் பட்டியலை நாமே எழுதி, பிரதிகளை வைத்துக்கொண்டு, பிரதேச செயலகத்திடம் கூட்டாகப் போவோம். பாட்டன்மார் இழந்த வாக்குரிமை இன்று நம் கையில் இருக்கிறது. அதை ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாகக் கொடுக்கலாமா?

குழுவில் கலந்துரையாட

1. நம்மிடம் வந்த உதவிகளுள் எவை அன்றைய பசியை மட்டும் தீர்த்தன? எவை நம்மைச் சொந்தக் காலில் நிற்கச் செய்தன?
2. இடம்பெயர்ந்தபின் பாடசாலையை விட்ட பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்? அவர்களுக்காக இந்த மாதம் நாம் என்ன செய்யலாம்?
3. நம் பிரதிநிதியிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் யாவை? அவற்றை யார், எப்போது கேட்பது?