கோர்வையா, பிணைப்பா?

காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்கள், உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடுவதையும், ஊடைக்கு ஊடை நிறங்கள் கோத்துக்கொள்வதையும், சேலை நைந்தாலும் கரை பிரியாதென்று நெசவாளர் பெருமை பேசுவதையும் அறிவார்கள். முந்தானைக்கு வேறு நிறப் பாவு வேண்டுமானால், பழைய பாவின் இழைகளோடு புதியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிப் பிணைப்பதும் உண்டு. முப்படைக்கு அதிகாரிகளைத் தயாரிக்கும் வழிகளும் ஏறக்குறைய இவ்விரண்டே.

பள்ளி முடித்ததும்: 1949-இல் டேராடூனில் தொடங்கிப் பின்னர் புனே அருகே கடக்வாஸ்லாவில் நிலைபெற்ற தேசியப் பாதுகாப்புக் கழகத்தில், பதினாறரை வயதுக்கு மேல் பத்தொன்பதரைக்குட்பட்ட பிள்ளைகள், எப்படைக்குரியவராயினும், மூன்றாண்டுகள் ஒரே கூரையின்கீழ் பயின்று, அதன்பின் டேராடூன், எழிமலை, துண்டிகல் என்று தத்தம் படைக் கழகங்களுக்குப் பிரிகிறார்கள். இதுவே கோர்வை. 2022 முதல் பெண்களுக்கும் இடமுண்டு. கடற்படையும் விமானப்படையும் விரும்புவோர் மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றிருத்தல் அவசியம், தரைப்படைக்கு அந்நிர்ப்பந்தமில்லை.

பட்டம் பெற்றபின்: ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வெழுதி அந்தந்தப் படையின் கழகத்துக்கே நேரே செல்லலாம். கடற்படைக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். 1963-இல் தோன்றிய பரங்கிமலைப் பயிற்சிக் கழகமோ நாற்பத்தொன்பது வாரங்களில் குறுகியகாலப் பணிக்கு அதிகாரிகளாக்குகிறது. பத்தாண்டுப் பணி பதினான்கு வரை நீளலாம். 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கின்றனர்.

எது மேல்? பிள்ளையின் மனம் பதினேழு வயதிலேயே உறுதிப்பட்டிருந்தால் முதல் வழியே சிறந்தது. இளமையில் ஒன்றாக உண்டு உறங்கியவர் பிற்காலத்தில் வேறு படையின் தோழனிடம் உதவி கோரக் கூச்சப்படுவதில்லை. மனம் ஊசலாடுகிறதென்றாலும், குடும்பம் ஒரு பட்டத்தைக் கைக்காப்பாக விரும்புகிறதென்றாலும், காத்திருப்பதில் நஷ்டமொன்றுமில்லை. ஏனெனில் பிணைக்கும் கை பின்னரும் வருகிறது: நீலகிரியின் வெலிங்டன் கல்லூரியில் நடுத்தர நிலை அதிகாரிகள் மூன்று படையிலிருந்தும் கூடிப் பயில்கின்றனர், 2001-இல் அமைந்த அந்தமான் நிக்கோபார் கட்டளையகத்தில் முப்படையினரும் ஒரே தலைமையின்கீழ்ப் பணிபுரிகின்றனர்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. கடக்வாஸ்லாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எப்படை வேண்டுமென்று விருப்ப வரிசை கேட்பார்கள். மூன்றுக்கும் பொதுவான உத்தியோகம் என்று அங்கே ஒன்றில்லை. கோர்வையிலும் அப்படித்தான்: சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் சாயம் நன்றாகப் பிடித்த பிறகே நூல் தறிக்கு ஏறுகிறது.