ஸ்கேனில் ஒன்றுமில்லை, இடுப்பில்தான் வலி!

நான்கு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, “வயசுக்கேத்த தேய்மானம்தான்” என்கிறார் டாக்டர். எனக்கோ புடவைக் கொசுவம் அழுத்தினால்கூட வலிக்கிறது. வீட்டில் ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார்கள். ஆஸ்டியோபதி சிகிச்சை பலன் தருமா?
– வாசகி, திருச்சி

வலி நிஜம்தான் என்று முதலில் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அடிபட்ட பிறகு தண்டுவட நரம்புகள் மிகை உணர்ச்சி அடைந்து, லேசான தொடுதலையும் வலியாக்கி மூளைக்கு அனுப்பக்கூடும். 1983-லேயே நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப் எலிகளில் இதைக் காட்டிவிட்டார். பூனை ஏறினாலே அலறும் கார் அலாரம் போலத்தான். திருடன் இல்லை, சத்தம் மட்டும் நிஜம். ஸ்கேனில் எலும்பும் தட்டும் தெரியும். நரம்பின் பதற்றம் தெரியாது. தேய்மானத்துக்கும் பயப்படாதீர்கள். முதுகுவலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் சுமார் 80 சதவீதம் பேரின் ஸ்கேனில் அது இருக்கிறது.

ஆஸ்டியோபதி, அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-ல் தொடங்கிய முறை. கையால் அழுத்தி, நீவி, மூட்டுகளை அசைத்துக் கொடுப்பார்கள். இறுக்கம் தளர்ந்து சில நாள் வலி குறையலாம். அந்த நாட்களை நடக்கப் பயன்படுத்துங்கள். “எலும்பு விலகியிருக்கு, வருஷம் பூரா வாங்க” என்றால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

தினமும் 10 நிமிட நடை. வலி இல்லாத நாளிலும் அதே 10 தான். வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டுங்கள். வலி குறைந்ததே என்று ஒரே நாளில் பரண் வரை ஒட்டடை அடித்தால், மறுநாள் படுக்கைதான். நேரத்துக்குத் தூங்குங்கள், தூக்கம் கெட்டால் நரம்பு இன்னும் சிலிர்த்துக்கொள்ளும். கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ மட்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.