ஒரே ஒரு கோடு: அரூப ஓவியத்தைப் பார்ப்பது எப்படி?



அரூப ஓவியம் ஒன்றைக் காட்டினால் நம்மிடமிருந்து பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "இதுல என்ன இருக்கு? சின்னப் பிள்ளைகூட வரையுமே!" இன்னொன்று, பார்த்த உடனே "ஓ, இது சிவலிங்கம்!" இரண்டிலும் நாம் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. இந்தப் பாடம் பார்ப்பதற்கான பயிற்சி.

பார்னெட் நியூமன் 1948இல் வரைந்த ‘ஒன்மென்ட் 1’ என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 69 செ.மீ., அகலம் 41 செ.மீ. அவ்வளவுதான்.

1. வண்ணம்

துணி முழுக்கச் செம்பழுப்பு. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு, ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்பு. இரண்டும் ஒரே வண்ணக் குடும்பம். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டிருந்தால் வெட்டியது போல் தெரியும். இங்கே கோடு பின்னணிக்குள்ளிருந்தே எழுந்தது போல் தெரிகிறது.

2. வடிவம்

கோட்டின் ஓரம் பிசிறாக இருக்கிறது. காரணம் உண்டு. நியூமன் நடுவில் ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் சிவப்பைப் பூசிப் பார்த்தார். வழக்கப்படி நாடாவை உரித்திருக்க வேண்டும். உரிக்கவில்லை, நிறுத்திவிட்டார். அன்று அவருடைய 43ஆம் பிறந்தநாள். பிறகு பல மாதம் அதைப் பார்த்தே யோசித்தார்.

படத்தில் அந்தக் கோட்டை ஒரு பென்சிலால் மறைத்துப் பாருங்க. வெறும் பழுப்புப் பலகை! பென்சிலை எடுத்தால் இடமும் வலமும் ஜோடியாகின்றன. அப்படியானால் கோடு பிரிக்கிறதா, சேர்க்கிறதா?

3. காலம்

நியூமன் யூதர். லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்ட போர் முடிந்து மூன்றாண்டுகூட ஆகவில்லை. இனியும் பழையபடி பூக்களை வரைந்துகொண்டிருக்க முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் நினைத்தார். தலைப்பை ‘ஒன்றாதல்’ எனலாம். பாவநிவர்த்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் இச்சொல் ஒளிந்திருக்கிறது.

4. நாம் செய்யக்கூடாதது

உருவம், அருவம், அருவுருவம் என்று சைவ சித்தாந்தம் இறைவனின் திருமேனியை மூன்றாகச் சொல்கிறது. ஆகவே உருவமில்லாததைக் கண்டு நாம் மிரளத் தேவையில்லை. ஆனால் "நியூமன் சைவ சித்தாந்தத்தைத்தான் வரைந்தார்" என்றால் அது பொய். "எனக்கு லிங்கம் நினைவுக்கு வருது" என்று சொல்லுங்க, அது நேர்மை. "இது லிங்கம்தான்" என்றால், அந்த மனிதரின் துயரத்தையும் தேடலையும் அழிக்கிறோம். நம் மரபை மற்றவர்கள் அப்படிச் செய்தால் நமக்கு வலிக்காதா?

பயிற்சி

படத்தை ஐந்து நிமிடம் பாருங்கள், கைப்பேசி வேண்டாம். தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘எண்ணியது’ என எழுதுங்கள். இடப்பக்கம் நிறையும்வரை வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். அடுத்த வகுப்பில் பேசுவோம்.