பழைய டேப்லெட்டை நம்பி டிரோன் ஏற்றலாமா? கோலா பிலா தோட்டங்களுக்கான நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் மலைப்பாதை ஏறி இறங்கினால் கோலா பிலா. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற மேடுபள்ளங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை. 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 143 மரம்; 100 ஹெக்டேருக்கு 14,000-ஐத் தாண்டும். அத்தனையையும் வரிசை வரிசையாக நடந்து எண்ணுவதும், கானோடெர்மா அடித்தண்டு அழுகல் கண்ட மரத்தைத் தேடிப் பிடிப்பதும் உடம்பை முறிக்கும் வேலை. டிரோன் மேலிருந்து எடுக்கும் படங்கள் அந்தச் சுமையை வெகுவாகக் குறைக்கின்றன.

மருந்தடிக்கும் பெரிய டிரோன்களுக்குத் திரையோடு சேர்ந்த கண்ட்ரோலரே வந்துவிடுகிறது. படம் எடுக்கும் சிறிய டிரோன்கள் பலவற்றுக்கு நாம்தான் ஒரு கைப்பேசியோ டேப்லெட்டோ மாட்ட வேண்டும். டிரோன் வாங்கவே சேமிப்பு கரைந்துவிட்ட இளைஞர், வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட்டை எடுத்துப் பார்ப்பது இயல்பு. தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். தவறான பயம் அவர்களை வீண்செலவில் தள்ளக் கூடாது. தவறான துணிச்சல் அவர்களுடைய டிரோனை மரத்தில் மோத விடவும் கூடாது. பறக்கும்போது எந்தப் பொறுப்பு டேப்லெட்டின் தலையில் விழுகிறது என்று கேட்டுப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: "பறக்கும்போது ஆப் நின்றுவிட்டால் டிரோன் விழுந்துவிடும்."

உண்மை: குச்சிகள் உள்ள கண்ட்ரோலரோடு வரும் டிரோன் அப்படி விழாது. அதை அந்தரத்தில் சமநிலையில் நிறுத்தும் மூளை அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நம் விரல் அசைவை அதற்குக் கொண்டுபோவது கண்ட்ரோலரின் ரேடியோ அலை. டேப்லெட் கேபிள் வழியாகக் கண்ட்ரோலரோடு சேர்ந்து படத்தைக் காட்டுகிறது, அமைப்புகளை மாற்ற இடம் தருகிறது. கையால் ஓட்டும்போது திரை உறைந்தாலும் குச்சிகள் வேலை செய்யும். குச்சிகளை விட்டுவிட்டால் டிரோன் நின்ற இடத்திலேயே மிதக்கும். வீடு திரும்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்து இறங்கும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. செயலி நின்ற காரணத்துக்காக டிரோன் தானாகத் திரும்பாது. கண்ட்ரோலரின் ரேடியோத் தொடர்பு அறுந்தாலோ டிரோனின் பேட்டரி குறைந்தாலோதான் அது தானாகத் திரும்பும். ஆகவே திரை இருண்டதும் காத்து நிற்காமல் பொத்தானை அழுத்த வேண்டியது நாம்தான்.

அதற்கு முன்பே திரும்பும் உயரத்தைச் சரியாக வைத்திருக்க வேண்டும். அந்த உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்காகிறது. பள்ளத்தில் உள்ள லோரி ரோட்டில் நின்று ஏற்றி, திரும்பும் உயரம் 30 மீட்டர் என்று வைக்கிறீர்கள் என்று கொள்வோம். மேட்டு வரிசையில் தரை 20 மீட்டர் உயர்ந்திருக்கிறது. மரம் 15 மீட்டர். மட்டைகளின் உச்சி 35 மீட்டரில் நிற்கிறது, டிரோன் 30-இல் வருகிறது. மரமுனையில் மோதும் இந்த விபத்துக்கும் டேப்லெட்டின் வயதுக்கும் சம்பந்தமே இல்லை.

நம்பிக்கை: "அப்படியென்றால் டேப்லெட் எப்போதும் வெறும் திரைதான்."

உண்மை: இல்லை, இரண்டு இடங்களில் டேப்லெட்டே ஓட்டுநராகிவிடுகிறது. முதலாவது, கண்ட்ரோலர் இல்லாமல் வைஃபை வழியாகவே ஓட்டும் சிறு டிரோன்கள். 2018-இல் வந்த 80 கிராம் எடையுள்ள டெலோ அந்த வகை.

இரண்டாவது தோட்ட வேலைக்கு மிக முக்கியம். டிஜேஐ நிறுவனத்தின் ஃபேன்டம் 4, மாவிக் 2 போன்ற டிரோன்களில், பறக்க வேண்டிய பாதையின் புள்ளிகளை முன்கூட்டியே டிரோனுக்குள் ஏற்றிவிடலாம். பிறகு பாதையைப் பிடித்துப் போவது டிரோனின் பொறுப்பு. மாவிக் மினி, மினி 2, ஏர் 2எஸ் போன்றவற்றில், லிட்சி மாதிரியான வெளிச் செயலிகள் பாதையை டிரோனில் ஏற்றுவதில்லை. டேப்லெட்டே கண்ணுக்குத் தெரியாத குச்சிகளை அசைப்பதுபோல் நொடிக்குப் பலமுறை கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். டேப்லெட் திணறினால் பாதை கோணும். செயலி மூடினால் டிரோன் பாதிவழியில் நின்றுவிடும். இந்த வேலையைப் பழைய டேப்லெட்டிடம் ஒப்படைக்கவே கூடாது.

நம்பிக்கை: "இன்ஸ்டால் ஆகிவிட்டது, இனி ஓடும்."

உண்மை: நிறுவ முடிவது முதல் படிதான். 2012-இல் வந்த ஐபேட் 4 ஒரு 32-பிட் கருவி. 2017-இல் வெளியான ஐஓஎஸ் 11 அதற்குக் கிடைக்கவில்லை. 2013-இன் முதல் ஐபேட் ஏர், ஐபேட் மினி 2 இரண்டும் 1 ஜிபி ரேம் கொண்டவை, ஐஓஎஸ் 12-உடன் நின்றுவிட்டன. 2014-இன் ஐபேட் ஏர் 2, 2015-இன் மினி 4 இரண்டுக்கும் 2 ஜிபி ரேம். ஐபேட்ஓஎஸ் 15 வரை வந்தன.

டிரோன் செயலி ஒரே நேரத்தில் நேரலைப் படத்தை விரிக்கிறது, வரைபடம் வரைகிறது, பறப்புப் பதிவை எழுதுகிறது. 1 ஜிபி ரேமில் இடம் போதாமல் போனால், இயங்குதளம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செயலியை மூடிவிடும்.

எந்த டிரோனுக்கு எந்தச் செயலி என்பதும் முக்கியம். 2016-இன் மாவிக் புரோ, ஃபேன்டம் 4 ஆகியவற்றுக்கு டிஜேஐ கோ 4. 2019-இன் மாவிக் மினி தொடங்கி வந்த சிறு டிரோன்களுக்கு டிஜேஐ ஃபிளை. பழைய டிரோனும் அதே காலத்து டேப்லெட்டும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். அந்தச் சேர்க்கை நன்றாக ஓடுகிறது என்றால், வேலைக்குப் போகும் நாளின் காலையில் எதையும் அப்டேட் செய்யாதீர்கள். அப்டேட் செய்த பிறகு வீட்டருகே ஒருமுறை பறந்து பார்த்துவிட்டே தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

நம்பிக்கை: "வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, அதனால் டிரோன் வழி தவறும்."

உண்மை: முதல் பாதி சரி. சிம் போடும் ஐபேடில்தான் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் டிரோன் தன் இடத்தைத் தன்னுள் இருக்கும் ஜிபிஎஸ் கொண்டே அறிகிறது. புறப்பட்ட இடத்தையும் அதுவேதான் குறித்துக்கொள்கிறது. டேப்லெட்டின் ஜிபிஎஸ் தேவைப்படுவது, வரைபடத்தில் நாம் நிற்கும் இடம் தெரியவும், நம்மைப் பின்தொடரச் சொல்லவும், நாம் இடம் மாறிய பின் இறங்கும் இடத்தை நம்மை நோக்கி மாற்றவும்தான். ஒரே இடத்தில் நின்று ஏற்றி, அங்கேயே இறக்கும் தோட்ட வேலைக்கு வைஃபை ஐபேட் குறையில்லாமல் பயன்படும்.

நம்பிக்கை: "படம் விட்டுவிட்டு வருகிறது. பழைய டேப்லெட் ரேஞ்சைக் குறைத்துவிட்டது."

உண்மை: எவ்வளவு தூரம் போகும் என்பது கண்ட்ரோலர், டிரோன் இரண்டின் ஆன்டெனாக்களையும் நடுவில் நிற்கும் மேட்டையும் மரங்களையும் பொறுத்தது. ஆனால் படத்தை விரிக்க முடியாமல் டேப்லெட் திணறும்போதும் திரையில் அதே மாதிரி வெட்டு விழும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. சிக்னல் கோடுகள் நிறைந்திருக்க, படம் உறைந்து, திரையைத் தொட்டாலும் தாமதமாகப் பதில் வந்தால் கோளாறு டேப்லெட்டில். கோடுகள் குறைந்து, படம் கட்டம் கட்டமாக உடைந்தால் கோளாறு ரேடியோவில். மேட்டின் மறைவிலிருந்து வெளியே வந்து நில்லுங்கள். புது டேப்லெட் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்தால் காசு மிச்சமாகும். கேபிளையும் மாற்றிப் பாருங்கள்; தளர்ந்த கேபிளும் இதே தொல்லையைத் தரும்.

நம்பிக்கை: "பழைய டேப்லெட்டில் எடுத்தால் படமும் மங்கலாக இருக்கும்."

உண்மை: திரையில் நாம் பார்ப்பது 720பி அல்லது 1080பி அளவுக்குச் சுருக்கி அனுப்பப்படும் நேரலை. உண்மையான படம் முழுத் தரத்தோடு டிரோனில் உள்ள மெமரி கார்டில் பதிவாகிறது. நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கி மரத்தை எண்ணும் வேலை பிறகு கணினியில் நடக்கிறது. அதில் டேப்லெட்டுக்குப் பங்கில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பதிவாகும் வீடியோவின் சிறு பிரதியை டேப்லெட்டிலும் சேமிக்கும் அமைப்பு செயலியில் உண்டு. 16 ஜிபி கொண்ட பழைய டேப்லெட்டை அது சீக்கிரம் நிரப்பிவிடும். அதை அணைத்துவிடுங்கள்.

நம்பிக்கை: "வெயிலில் தெரியவில்லையா, வெளிச்சத்தை முழுதாக ஏற்று."

உண்மை: பழைய டேப்லெட்டுக்கு முதல் எதிரி வெப்பம்தான். ஐபேட் 35 டிகிரி செல்சியஸ் வரை சுற்றுப்புற வெப்பத்தில் இயங்குவதற்கென அமைக்கப்பட்டது. கோலா பிலாவின் மதிய வெயிலில் கண்ணாடி முகம் வானத்தைப் பார்த்தபடி இருந்தால், அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட வெகுவாகச் சூடாகும். அதன் மேல் முழு வெளிச்சம், படம் விரிக்கும் வேலை, கண்ட்ரோலரிலிருந்து ஏறும் மின்சாரம், தேய்ந்த பேட்டரி எல்லாம் சேர்கின்றன. முதலில் திரை தானாக மங்கும், பிறகு செயலி மெதுவாகும், கடைசியில் ஆறும்வரை காத்திருக்கச் சொல்லும் வெப்ப எச்சரிக்கை மட்டும் திரையில் நிற்கும்.

சாதாரண டேப்லெட்டின் வெளிச்சம் 400 முதல் 500 நிட். வெயிலுக்கென்றே டிஜேஐ 2019-இல் கொண்டுவந்த ஸ்மார்ட் கண்ட்ரோலர் 1000 நிட். அந்த இடைவெளியைப் பழைய டேப்லெட்டில் வெளிச்சம் ஏற்றி நிரப்ப முடியாது. நிழலில் நில்லுங்கள், தடித்த உறையைக் கழற்றுங்கள், காற்று போகாத மூடுதிரையைத் தவிருங்கள். மரம் எண்ண நிழல் குட்டையாக விழும் மதியமே வசதி என்பார்கள். பழைய டேப்லெட் வைத்திருப்பவருக்கு மேகம் மூடிய முற்பகலே உகந்தது. சூடேறியதை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

நம்பிக்கை: "தோட்டத்தில் லைன் இல்லை, அதனால் டிரோன் ஏறாது."

உண்மை: பறப்பதற்கு இன்டர்நெட் வேண்டாம். புது டிரோனை முதன்முறை இயக்கிவைக்கவும், கணக்கில் நுழையவும், வரைபடத்தை இறக்கவும்தான் அது வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய நாள் வீட்டு வைஃபையில் செயலியைத் திறந்து, அந்தத் தோட்டத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கி, நான்கு மூலைக்கும் நகர்த்திப் பாருங்கள். பார்த்த பகுதி டேப்லெட்டில் தங்கும்.

நம்பிக்கை: "ஆப் தடுக்கவில்லை, அப்படியென்றால் அனுமதி உண்டு."

உண்மை: செயலி காட்டும் வரைபடம் நாட்டின் சட்டம் ஆகாது. மலேசியாவில் டிரோனுக்கு விதி வகுப்பது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம். அதன் அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் பறக்கக் கூடாது. கூலிக்கு எடுக்கும் வேலைக்கு முன்னதாக அங்கே அனுமதி கேட்க வேண்டும். வரைபடம் தயாரிக்க மேலிருந்து படம் எடுப்பவர் நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெமையும் அணுக வேண்டும். இந்தத் தொழிலில் நிலைக்க நினைக்கும் இளைஞருக்கு அந்தத் தாள்கள் புது டேப்லெட்டைவிட முக்கியமான முதலீடு.

வாங்கும் முன் ஒரு சோதனை

பழைய டேப்லெட்டை முழுதாகச் சார்ஜ் செய்து, மற்ற செயலிகளை மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில் டிரோன் செயலியை அரைமணி நேரம் திறந்து வையுங்கள். டிரோனின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு நேரலைப் படத்தை மட்டும் ஓட விடுங்கள். படம் உறைகிறதா, செயலி மூடுகிறதா, பேட்டரி திடீரென்று சரிகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால், கையால் ஓட்டிப் படம் எடுக்கவும், பாதையை டிரோனுக்குள்ளேயே ஏற்றும் வேலைக்கும் அந்த டேப்லெட் போதும். ஒன்று இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். டேப்லெட்டே டிரோனை ஓட்டும் வேலை என்றால், சோதனையில் தேறினாலும் பழையது வேண்டாம். அதற்கு மட்டும் காசு சேர்த்துப் புதிது வாங்குங்கள்.