முதுகில் கத்தி: எப்போது அவசரம், எப்போது பொறுமை?



"முதுகில் ஆபரேஷனாம், லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், சபையில் உதவி செய்யக்கூடாதா?" என்ற விண்ணப்பம் நம்மில் அநேகருக்குப் பழக்கமானது. எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம். அந்த அறுவை சிகிச்சை இப்போது தேவைதானா என்று கேட்க நமக்குத் தெரிவதில்லை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

1. வலி எங்கிருந்து வருகிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் உண்டு. திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் சிறு தொழிற்சாலைகள் இயங்குகின்றன. பாரம் தூக்குவதும், குனிந்தபடியே திரும்புவதும், மணிக்கணக்கில் லாரி ஓட்டுவதும் இடுப்பெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்கைச் சோதிக்கின்றன. அதன் ஓரம் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி நரம்பைத் தொட்டால், வலி இடுப்போடு நிற்காது. தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை கரண்டு அடித்ததுபோல் இறங்கும். இதைத்தான் சயாட்டிகா என்கிறோம்.

நம் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அடுத்த ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் அப்பணியை ஆரம்பித்தார். அன்று "எங்கே போய்ச் செய்துகொள்வது?" என்பது கேள்வி. இன்று "செய்துகொள்ளத்தான் வேண்டுமா?" என்பது கேள்வி.

2. ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதவை

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் தன்னை அறியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படுகிற பகுதி மரத்துப்போவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, கால் நாளுக்கு நாள் பலவீனமாவது ஆகியவையும் தாமதிக்கத் தக்கவை அல்ல. இங்கே காத்திருந்தால் இழந்த சக்தி திரும்பாமலே போகலாம்.

3. காத்திருக்கக் கூடியது

வலி மட்டும் இருந்து, கால் பலமும் சிறுநீர்க் கட்டுப்பாடும் சரியாக இருந்தால் அவகாசம் உண்டு. 2007-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 6 முதல் 12 வாரங்களாகக் கடும் சயாட்டிகாவால் வருந்திய 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சை என்றும், மற்றவர்களுக்கு முதலில் மருந்தும் பொறுமையும் என்றும் தீர்மானித்தார்கள். உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 100-க்கு 95 பேர் தாங்கள் குணமடைந்ததாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் அந்த ஆண்டுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

அப்படியானால் பொறுத்துக்கொண்டே இருக்கலாமா? அதுவும் சரியல்ல. 2020-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், 4 முதல் 12 மாதங்கள் வரை வலி நீடித்த 128 பேர் சேர்க்கப்பட்டார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, அறுவை சிகிச்சைப் பிரிவினருக்குக் கால்வலி 10-க்கு 2.8, மற்றவர்களுக்கு 5.2. ஆகவே மாதக்கணக்கில் விடாத கால்வலிக்குக் கத்தி நியாயமான வழியே.

4. படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது

"ஸ்கேனில் டிஸ்க் விலகியிருக்கிறது" என்றதும் குடும்பமே கலங்குகிறது. ஆனால் 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 52 சதவீதத்தினருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. படத்தில் தெரியும் இடமும், வலி இறங்கும் பாதையும், மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்துக் கண்டதும் ஒத்துப்போக வேண்டும். டிஸ்க் அறுவை சிகிச்சை காலில் இறங்கும் வலியைத்தான் நன்றாகத் தணிக்கும். இடுப்புவலிக்கு அதே நிச்சயம் கிடையாது.

இன்னொன்று: காய்ச்சல், எடை குறைதல், இரவிலும் ஓயாத முதுகுவலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். 1970-களில் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களையும் அறுவை சிகிச்சையோடு மருந்து பெற்றவர்களையும் 10 ஆண்டுகள் கவனித்தது. மருந்து மட்டும் பெற்றவர்கள் பொதுவாகப் பின்தங்கவில்லை. உலகம் படித்த அந்தப் பாடத்தில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

5. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அ) எந்த நரம்பு அழுத்தப்படுகிறது? என் வலி அதனால்தானா?
ஆ) இன்னும் 6 வாரம் பொறுத்தால் என்ன நஷ்டம்?
இ) கால்வலி போகுமா, இடுப்புவலி போகுமா?
ஈ) டிஸ்க் துண்டை மட்டும் எடுப்பதா, திருகாணி வைத்து எலும்பை இணைப்பதா? ஏன்?
உ) பழைய வேலைக்கு எப்போது திரும்பலாம்?

இரண்டாவது மருத்துவரிடம் கேட்பது முதல் மருத்துவருக்கு அவமரியாதை ஆகாது.

6. நம் பங்கு

அறுவை சிகிச்சைக்கு ஈ.எஸ்.ஐ., முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், அரசு மருத்துவமனை என்று வழிகள் உண்டு. பொறுமைக்குத்தான் பலருக்கு உதவி இல்லை. "ஆறு வாரம் பாரம் தூக்காதே" என்று மருத்துவர் சொல்லலாம். தினக்கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? வாடகை பாக்கி நிற்க, அவர் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி மூட்டை தூக்குகிறார். அல்லது சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம் என்று நம்பி, தேவையில்லாத அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்குகிறார். ஆபரேஷனுக்கு மனமுவந்து கொடுக்கும் நாம், அந்த ஆறு வார அரிசிக்கும், உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போய்வரும் பஸ் கட்டணத்துக்கும் கொடுத்தால், அவர் பயத்தினால் அல்ல, யோசித்து முடிவெடுப்பார்.

சிந்திக்க:
1. நம் சபையில் முதுகுவலியால் வேலையிழந்தவர் யார்? அவர் வீட்டில் யார் சம்பாதிக்கிறார்?
2. நோயாளியோடு மருத்துவரிடம் போய், மேலேயுள்ள ஐந்து கேள்விகளையும் கேட்க நம்மில் யார் முன்வருவோம்?