உயர்த்திய பாத்திக்கு வேண்டிய மண்: அளவும் கணக்கும்

மரக்கறிப் பயிருக்கு ஏற்ற நிலம் இல்லாத இடங்களில், நிலமட்டத்துக்கு மேலே கரை கட்டி, அதனுள் நல்ல மண்ணை நிரப்பிப் பயிர் செய்யலாம். இவ்வாறு அமைக்கப்படுவது உயர்த்திய பாத்தி எனப்படும். கொழும்பு நகரின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளுக்கு இம்முறை மிகவும் பொருத்தமானது. வெள்ளவத்தை என்னும் சிங்களப் பெயருக்கு மணல் தோட்டம் என்பது பொருள். பெயருக்கேற்ப, அங்குள்ள கடலோர மண் மணற்பாங்கானது. ஊற்றிய நீரையும் இட்ட பசளையையும் நெடுநேரம் பிடித்துவைக்கமாட்டாது. கொட்டாஞ்சேனையில் வீடுகள் நெருங்கி அமைந்துள்ளன. எஞ்சிய முற்றங்களிற் பல சீமெந்தினால் மூடப்பட்டவை.

2022 ஆம் ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை பெரிதும் ஏறியபோது, வீட்டில் உணவுப் பயிர் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க ஆனி மாதத்தில் தீர்மானிக்கப்பட்டது. நகரத்தவர் பலர் தோட்டச் செய்கையில் நாட்டங்கொள்ள இத்தகைய நெருக்கடி காரணமாகிறது. நகரில் மண் விலைக்கு வாங்கவேண்டிய பொருள். கணக்கிடாமல் வாங்கினால், குறையும்போது பாத்தி அரைகுறையாக நிற்கும். மிஞ்சும்போது பணம் வீணாவதுடன், ஒழுங்கையிற் குவிந்த மண் மழையில் வடிகாலை அடைக்கும். விற்கப்படும் மேல்மண் யாரோ ஒரு கமக்காரரின் நிலத்திலிருந்து வெட்டப்பட்டதாகவும் இருக்கலாம். ஆதலால், வாங்குவோரும் விற்போரும் இக்கணக்கை அறிந்திருத்தல் வேண்டும்.

1. மூன்று அளவுகள், ஓர் அலகு

பாத்தியின் நீளம், அகலம், மண் நிற்கவேண்டிய ஆழம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வேண்டிய மண்ணின் கன அளவு கிடைக்கும். மூன்றும் ஒரே அலகில் இருத்தல் அவசியம். நீளத்தையும் அகலத்தையும் அடியிலும், ஆழத்தை அங்குலத்திலும் அளப்பதே வழக்கமாதலால், பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. அங்குலத்தை 12 ஆல் வகுத்து அடியாக்கிய பின்னரே பெருக்கவேண்டும். 6 அங்குலம் 0.5 அடி, 9 அங்குலம் 0.75 அடி, 15 அங்குலம் 1.25 அடி.

வெள்ளவத்தையில் ஒரு வளவில், மணல் நிலத்தின் மீது 10 அடி நீளமும் 3 அடி அகலமும் 9 அங்குல ஆழமுமுள்ள இரண்டு பாத்திகள் அமைப்பதாகக் கொள்வோம்.

ஒரு பாத்திக்கு: 10 × 3 × 0.75 = 22.5 கன அடி.
இரண்டு பாத்திகளுக்கு: 45 கன அடி.

9 அங்குலத்தை அடியாக்காமற் பெருக்கினால் ஒரு பாத்திக்கே 270 என விடை வரும். இது சரியான அளவின் 12 மடங்காகும்.

2. உள்ளளவையே எடுக்க

கொட்டாஞ்சேனையில் ஒரு சீமெந்து முற்றத்தில், 6 அங்குலத் தடிப்புள்ள கற்களால் பாத்தி கட்டப்படுவதாகக் கொள்வோம். வெளியளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், 18 அங்குல உயரம். வெளியளவைப் பெருக்கினால் 48 கன அடி வரும். ஆனால் மண் கொள்ளும் இடம் இதனிலும் மிகக் குறைவு. இருபக்கச் சுவர்களின் தடிப்பைக் கழித்தால், உள்நீளம் 7 அடியும் உள்ளகலம் 3 அடியுமாகும். மழைநீர் மண்ணை வெளியே அடித்துச் செல்லாதிருக்க, மேல் விளிம்பில் 3 அங்குலம் வெறுமையாக விடவேண்டும். அடியில் 6 அங்குலத்துக்குத் தேங்காய் மட்டைகளை நெருக்கமாக அடுக்கலாம்; அவை ஈரத்தைப் பிடித்துவைப்பதுடன் மண்ணின் தேவையையும் குறைக்கும். எஞ்சுவது 9 அங்குலமே.

7 × 3 × 0.75 = 15.75 கன அடி.

இத்தகைய பாத்தியின் சுவரடியில் நீர் வடியத் துளைகள் விடுதல் இன்றியமையாதது. அடியிற் கல் பரப்பினால் மட்டும் போதாது. நீர் வெளியேற வழியில்லையேல் வேர்கள் அழுகும். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி முதலிய கீரைவகைகளுக்கு 9 அங்குல மண் போதும். கத்தரி, தக்காளி, வெண்டி ஆகியவற்றைச் சீமெந்துத் தரையிற் செய்கை பண்ணுவதாயின் 12 அங்குலத்துக்குக் குறையாத மண் வேண்டும். மணல் நிலத்தின் மீது அமைத்த பாத்தியில் வேர்கள் கீழேயும் இறங்குமாதலால் 9 அங்குலம் போதுமானது.

3. மண் இறங்குவதற்கு ஐந்திலொரு பங்கு

வெட்டி ஏற்றிய மண் பொலபொலப்பாக இருக்கும். பாத்தியிலிட்டு நீரூற்றியதும் அது இறங்கும். அன்றியும், பருமையான பொருளையும் நுண்ணிய பொருளையும் கலக்கும்போது, நுண்ணிய மண் பருமையானவற்றின் இடைவெளிகளிற் புகுவதனால் கலவையின் அளவு குறையும். எனவே, கணக்கிட்ட அளவுடன் அதன் ஐந்திலொரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

வெள்ளவத்தைப் பாத்திகளுக்கு: 45 + 9 = 54 கன அடி.
கொட்டாஞ்சேனைப் பாத்திக்கு: 15.75 + 3.15 = ஏறத்தாழ 19 கன அடி.

வெளியளவைக் கொண்டு 48 கன அடி வாங்கியிருந்தால், 29 கன அடி வீணாக மிஞ்சியிருக்கும்.

4. கலவையைப் பிரித்தல்

மேற்கூறிய அளவு முழுவதும் மேல்மண்ணாக இருத்தல் வேண்டியதில்லை. மேல்மண் 3 பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு 2 பங்கு, தும்புத்தூள் 1 பங்கு எனக் கலக்கலாம். மொத்தம் 6 பங்கு.

வெள்ளவத்தைப் பாத்திகளுக்கு 54 ஐ 6 ஆல் வகுக்க ஒரு பங்கு 9 கன அடி. ஆகவே மேல்மண் 27, எரு 18, தும்புத்தூள் 9 கன அடி.
கொட்டாஞ்சேனைப் பாத்திக்கு மேல்மண் 9½, எரு 6½, தும்புத்தூள் 3 கன அடி அளவிற் போதும்.

எருவும் தும்புத்தூளும் ஆண்டுதோறும் சிதைந்து குறையும். ஆகையால் ஒவ்வொரு போகத்தின் முன்னும் பாத்தியின் மேல் ஓரிரு அங்குலத்துக்குக் கூட்டெரு இடவேண்டும்.

5. வாங்கும் அளவு

கொழும்பில் மண்ணும் மணலும் கியூப் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கியூப் என்பது 100 கன அடி. வெள்ளவத்தைப் பாத்திகளுக்கு வேண்டிய 27 கன அடி மேல்மண் கால் கியூபுக்குச் சற்றே அதிகம். லொறியில் வந்த மண்ணை இறக்குமுன், பெட்டியின் உள்நீளம், உள்ளகலம், மண் நிற்கும் உயரம் ஆகியவற்றை அளந்து பெருக்கிப் பார்த்தல் நன்று. மழையில் நனைந்த மண் நிறை கூடியிருக்குமாதலால், நிறையைக் கொண்டு மண்ணின் அளவை மதிப்பிடலாகாது.

லொறி செல்லாத ஒழுங்கைகளில் மண்ணை வாளியிற் சுமக்கவேண்டிவரும். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லீற்றர். 10 லீற்றர் வாளியிற் கிட்டத்தட்ட 3 வாளி. கொட்டாஞ்சேனைப் பாத்தியின் 19 கன அடிக்கு ஏறத்தாழ 54 வாளி வேண்டும்.

கடற்கரை மணலை எடுத்துவந்து கலத்தல் ஆகாது. அதிலுள்ள உப்புப் பயிரைக் கெடுக்கும். அனுமதியின்றி அதனை அகற்றுதல் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். கால்வாய்ச் சேறும் கட்டட இடிபாட்டு மண்ணும் உணவுப் பயிருக்கு உதவா.

கொழும்பில் வைகாசியிலும், ஐப்பசி கார்த்திகையிலும் மழை மிகுதி. அம்மழைக்கு முன்னரே பாத்தியை நிரப்பிவிடவேண்டும். குவித்துவைத்த மண்ணை விரிப்பினால் மூடவேண்டும்.

6. மேல்மாடியில் அமைப்போருக்கு எச்சரிக்கை

நீரூறிய மண் ஒரு கன அடி 45 முதல் 55 கிலோகிராம் வரை நிறையுள்ளது. ஓர் அடி ஆழமாக மண் நிரப்பினால், ஒரு சதுர மீற்றர் தளத்தின் மீது ஏறத்தாழ 500 கிலோகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட பாரம் ஏறும். குடியிருப்பு வீட்டுத் தளங்கள் பொதுவாக ஒரு சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோகிராம் வரையான பாரத்துக்கே அமைக்கப்படுகின்றன. ஆறு அங்குல மண்ணும் இந்த எல்லையைக் கடந்துவிடும். ஆகவே, கட்டடப் பொறியியலாளரின் ஆலோசனையின்றிக் கொங்கிறீற்றுத் தளத்தில் மண்பாத்தி அமைக்கலாகாது. சிறு சாடிகளைச் சுவரோரமாக இடைவெளிவிட்டு வைத்தலே அங்கு தக்கது.

7. வயல் நிலத்திற்கு

நெல் அறுவடைக்குப் பின்னர் வயலில் மரக்கறி செய்வோர் வெளியிலிருந்து மண் கொண்டுவரவேண்டியதில்லை. வாய்க்கால் வெட்டிய மண்ணே பாத்திக்கு மண்ணாகும். 3 அடி அகலப் பாத்திகளுக்கிடையில் 1 அடி அகலமும் 9 அங்குல ஆழமுமான வாய்க்கால் வெட்டி, அம்மண்ணைப் பாத்தியிற் பரப்பினால், பாத்தி 3 அங்குலம் உயரும். வாய்க்காலின் அடியிலிருந்து பாத்தியின் மேற்பரப்பு 12 அங்குல உயரத்தில் நிற்கும். நீர் அதிகம் தேங்கும் நிலத்தில் வாய்க்காலை 1½ அடி அகலமாகவும் 12 அங்குல ஆழமாகவும் வெட்டினால், பாத்தி 6 அங்குலம் உயர்ந்து, மொத்த உயரம் 18 அங்குலமாகும்.

நகரத்துக்கு மேல்மண் விற்க எண்ணும் கமக்காரர் பின்வரும் கணக்கையும் பார்த்தல் வேண்டும். 6 அங்குல ஆழத்துக்கு மண் வெட்டினால், ஒரு கியூபுக்கு 200 சதுர அடி நிலம் தன் மேல்மண்ணை இழக்கும். ஒரு பேர்ச் 272¼ சதுர அடியாதலால், நான்கு கியூப் விற்றால் ஏறத்தாழ மூன்று பேர்ச் நிலம் வளமிழக்கும். விற்ற மண்ணின் பணம் ஒருமுறையே கிடைக்கும். மேல்மண் மீண்டும் உருவாக மிக நீண்டகாலம் செல்லும். மேல்மண்ணுக்குப் பதிலாகக் கூட்டெருவும் மாட்டெருவும் ஆக்கி விற்பது நிலத்துக்கும் கைக்கும் நன்மை தரும்.

மண் வாங்குமுன் அளவுநாடாவையும் எழுதுகோலையும் எடுக்க. உள்ளளவை அளந்து, அங்குலத்தை அடியாக்கிப் பெருக்கி, ஐந்திலொரு பங்கைக் கூட்டி, கலவைப் பங்கின்படி பிரித்து, அதன் பின்னரே விலை பேசுக. பயிர்த்தெரிவு, மண் பரிசோதனை ஆகியவை பற்றிய ஆலோசனைக்கு அப்பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.