கையெழுத்து யாருடையது?

எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான்: ஆபீஸ் வேலைக்குப் படிப்பதா, கைத்தொழிலுக்குப் போவதா? நான் வயர்மேன். கிள்ளான் வட்டாரத்து வீடுகளிலும் கடைகளிலும் வயர் இழுத்தே குடும்பத்தைக் காப்பாற்றியவன். கேட்டு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவைதான்.

1. அப்பா அம்மா ஏன் பயப்படுகிறார்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பெயரைச் செக்ரோலில் எழுதியவர் கிராணி. அவர் பேனா ஓடாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பிள்ளையைக் கிராணி ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று நம் தாத்தா பாட்டிகள் ஏங்கியதில் என்ன தப்பு? அந்த ஏக்கம்தான் இன்று ஏர்கோன் அறையிலும் கம்ப்யூட்டரிலும் வந்து நிற்கிறது. கேலி செய்யாதீர்கள். ஆனால் கிராணியின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். அவர் எழுதினால்தான் செல்லும். நாற்காலி அதற்கப்புறம்.

2. "கையில் தொழில் இருந்தால் போதும்" என்று சொல்பவர் பாதிதான் சொல்கிறார். ஒரு வீட்டுக்கு வயரிங் செய்து முடித்தால், மேற்பார்வை செய்து முடித்ததற்கு போராங் ஜி, சோதித்ததற்கு போராங் எச் என்று இரண்டு தாள்களில் கையெழுத்து வேண்டும். 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கேட்பது இது. கையெழுத்துப் போடுபவரிடம் சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுத்த தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் சான்றிதழை வைத்துக்கொண்டு த்ரீ ஃபேஸ் வேலைக்குக் கையெழுத்துப் போட முடியாது. சோதனை செய்யத் தனி அனுமதி.

வருடக்கணக்காகச் சுவர் கொத்தி, பைப் பதித்து, வயர் இழுத்த எத்தனையோ பேர், கடைசியில் கையெழுத்துக்காக இன்னொருவர் வாசலில் நிற்கிறார்கள். வேலை இவர்களுடையது, லாபத்தில் நல்ல பங்கு அவருடையது. நம் ஆட்கள் தேங்கிப்போகும் இடம் இது. திறமைக்குக் குறைவில்லை, பரீட்சைக்குப் போகத்தான் மனம் வருவதில்லை.

பரீட்சை வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். ஈரத் தரையுள்ள குளியலறைக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. வேண்டும். கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு 30 வரை போகலாம். நனைந்த உடம்பு மின்சாரத்தைச் சுலபமாக உள்ளே விடும், அதனால் இந்த வித்தியாசம். இதை விளக்கத் தெரியாதவர் ஹீட்டர் மாட்டிய வீட்டில் பிள்ளைகள் குளிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

3. எங்கே படிக்கலாம்? ஐ.எல்.பி. தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, ஷா ஆலமில் அட்தெக் இருக்கிறது, மாண்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் இருக்கிறது. எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதற்கு மேல் நான்காம் நிலையில் திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா. வேலை பார்த்துக்கொண்டே படிக்க எஸ்.எல்.டி.என். திட்டம் உண்டு: பெரும்பகுதி பட்டறையில், கொஞ்சம் வகுப்பில். ஏற்கெனவே வேலை தெரிந்த அண்ணன்மார்கள், அனுபவத்தைக் காட்டி எஸ்.கே.எம். வாங்கும் பி.பி.டி. வழியைக் கேளுங்கள். தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன், அந்த நிலைக்கு ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே விசாரியுங்கள். கவுண்டரில் இருப்பவர் சிரித்துக்கொண்டு சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். எஸ்.கே.எம். வேறு, வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேறு என்பதையும் மறக்காதீர்கள்.

4. ஆரம்பச் சம்பளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2025-இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கையாள் வேலையும் சின்ன ஆபீஸ் வேலையும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் தொடங்கும். பிற்பாடுதான் பிரியும்.

உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஆபீஸில் 3,000 வெள்ளி வாங்குபவருக்கு ஊழியர் சேமநிதியான கே.டபிள்யூ.எஸ்.பி.யில் முதலாளி 13 விழுக்காடு, அதாவது 390 வெள்ளி கட்டுகிறார். ஊழியருடைய பங்கு 11 விழுக்காடு, 330 வெள்ளி. மாதம் 720 வெள்ளி சத்தமில்லாமல் சேர்கிறது. சொந்தமாகத் தொழில் செய்பவர் 4,500 வெள்ளி பார்த்தாலும் வேன், பெட்ரோல், கருவி எல்லாம் அதிலிருந்துதான் போகும். அவருக்காகக் கட்ட யாரும் இல்லை. ஆகவே சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே மாதாமாதம் கட்டுங்கள். பெர்கேசோவில் சுயதொழில் செய்பவர்களுக்கென்று 2017-இல் சட்டம் வந்திருக்கிறது, அதிலும் பதிந்துகொள்ளுங்கள். ஏணியிலிருந்து விழுந்தபிறகு பதிந்தால் அந்த விபத்துக்கு உதவாது.

5. உடம்பு. மத்தியான நேரத்தில் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஊர்ந்து பார்த்தவனுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். முழங்கால் நாற்பதைத் தாண்டியதும் பேச ஆரம்பிக்கும். அதற்குள் நீங்கள் ஆள் வைத்து வேலை வாங்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். அங்கேயும் அந்தத் தகுதிச் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

6. கணக்கில் பிரியமும் உட்கார்ந்து ஒரு ஃபைலை முடிக்கும் பொறுமையும் இருந்தால் ஆபீஸுக்கே போங்கள். நான் தடுக்கமாட்டேன். ஆனால் என்ன வேலைக்குப் போகும் படிப்பு என்று உங்களுக்கே சொல்லத் தெரியாத ஒன்றுக்கு பி.டி.பி.டி.என். கடன் வாங்காதீர்கள். ஆபீஸிலும் கணக்காய்வாளர் போடும் கையெழுத்து ஒன்று, அதற்குத் தாள் அடுக்கிக் கொடுப்பவர் வேலை ஒன்று.

7. தங்கச்சிகளுக்கு: சோதனைக் கருவி பிடிக்க மீசை வேண்டாம். பகலில் பெண்கள் தனியாக இருக்கும் வீடுகள் அடுக்குமாடிகளில் நிறைய. அங்கே உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

8. கொட்டேஷனை மலாயில் தெளிவாக எழுதப் பழகுங்கள். சாமான் விலை தனி, கூலி தனி. முன்பணம் கைக்கு வராமல் கடையில் வயர் எடுக்காதீர்கள். மாமா வீட்டு வேலையாக இருந்தாலும் இதுதான்.